ஆறுக்கு எட்டு

நடுத்தரக் குடும்பங்களில் மூன்று வகைச் சாமான்கள் உண்டு. தினமும் வேண்டியவை, என்றைக்காவது வேண்டியவை, என்றைக்குமே வேண்டாதவை. முதல் வகை வீட்டுக்குள்ளேயே இருக்கும். தேடும்போது மட்டும் கிடைக்காது. மற்ற இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே போடுவது என்பதில்தான் மாமனாருக்கும் மருமகளுக்கும் பேச்சுவார்த்தை முறிகிறது. அந்தக் கோட்டின் மேல் கட்டப்படுவதுதான் கொல்லைப்புற ஷெட்.

ஆபீஸில் எனக்கு இரண்டு மேஜை தள்ளி உட்காரும் நண்பருக்குப் பெருங்களத்தூர்ப் பக்கம் அரை கிரவுண்டில் வீடு. அரை கிரவுண்டு என்றால் 1200 சதுர அடி. அதில் வீடு போக, கொல்லையில் பத்தடி அகலத்துக்கு ஒரு துண்டு நிலம் மிச்சம். ஒரு முருங்கை, ஒரு துவைக்கிற கல், ஒரு போர்வெல், மூலையில் முன்னாள் சொந்தக்காரர் விட்டுப்போன ஓர் ஓட்டை ஷெட். மேலே சாம்பல் நிறத்தில் நெளி நெளியாக ஆஸ்பெஸ்டாஸ். அதைப் பிரித்துவிட்டுப் புதுசாக ஒன்று போடவேண்டும். "நீங்க சும்மா வந்து பாருங்க சார், போதும்" என்று கூப்பிட்டார். சும்மா வந்து பார்ப்பதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு. போனேன்.

முதலில் ஒரு லிஸ்ட் போடச் சொன்னேன். ஷெட் வாங்கப் போகிறவர்கள் பத்தில் ஒன்பது பேர் நேராகக் கடைக்குப் போய், "என்ன சைஸ் இருக்கு?" என்று கேட்கிறார்கள். செருப்புக் கடையில்கூட அப்படிக் கேட்கமாட்டோம். உள்ளே என்ன வரப்போகிறது என்பதை எழுதிவிட்டால் ஷெட்டின் அளவு தானாக வந்துவிடும்.

நண்பரின் தகப்பனார் ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்றவர். ஈஸிசேரில் சாய்ந்தபடி டிக்டேட் செய்தார். ஏணி, எட்டு அடி. முருங்கைக்காய் பறிக்கிற தொரட்டி, பன்னிரண்டு அடி. கொலுப்படி, ஏழு. பொம்மைப் பெட்டி, இரண்டு. கடப்பாரை, மண்வெட்டி. தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஓடிய காலத்து பிளாஸ்டிக் டிரம், நான்கு. வீடு கட்டியபோது மிஞ்சிய டைல்ஸ், ஒன்றரைப் பெட்டி. (இந்த ஒன்றரைப் பெட்டி டைல்ஸ் இல்லாத வீடு தமிழ்நாட்டில் இருந்தால் விலாசம் எழுதுங்கள், நேரில் வந்து மாலை போடுகிறேன்.) மூன்று சக்கர சைக்கிள், ஒன்று.

"மாமா, அதை ஓட்டின பையன் இப்ப பி.காம். படிக்கிறான்."

"இருக்கட்டும்மா. ஒரு நாள் வேணும்."

"தகரப் பெட்டி?"

"அதுவும் ஒரு நாள் வேணும்."

மருமகள் பதில் பேசவில்லை. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். வாதாடுவதைவிட ஷெட்டில் இரண்டு அடி கூட்டிப் போடுவது மலிவு என்று தெரிந்த பெண்மணி.

லிஸ்டில் பார்க்கவேண்டியது எத்தனை சாமான் என்பதல்ல. எது ரொம்ப நீளம் என்பது. இங்கே ஏணி எட்டு அடி. ஆகவே ஒரு பக்கம் எட்டு. இன்னொரு பக்கம் ஆறு. அது ஏன் ஆறு? ஐந்தாக இருந்தால் இரண்டு பக்கமும் சாமான் வைத்துவிட்டு நடுவில் ஆள் நிற்க முடியாது. ஏழாக இருந்தால் துவைக்கிற கல் போய்விடும். தவிரவும் ஆறு, எட்டு என்பது கொத்தனாருக்குப் பிடித்த கணக்கு. ஆறுக்கு எட்டு நீள்சதுரத்தில் மூலைக்கு மூலை அளந்தால் சரியாகப் பத்து அடி வரும். எட்டாம் வகுப்பில் பித்தாகரஸ் என்ற பெயரில் நம்மை மிரட்டிய அதே ஆசாமி. தரை போடும்போது இரண்டு குறுக்களவையும் டேப் வைத்துப் பார்த்துவிடுங்கள். இரண்டும் பத்து என்றால் மூலை மட்டம் சரி. ஒன்று ஒன்பதே முக்கால், இன்னொன்று பத்தே கால் என்றால் கதவு ஜென்மத்துக்கும் சரியாக மூடாது.

அந்தப் பன்னிரண்டு அடித் தொரட்டி? அதற்கும் வழி இருக்கிறது. உயரமான பக்கம் ஏழு அடி வைத்தால், தரையின் ஒரு மூலையிலிருந்து எதிர்க்கோடியில் கூரை மூலைக்கு ஏறக்குறையப் பன்னிரண்டு அடி இரண்டரை அங்குலம் வருகிறது. தொரட்டி உள்ளே போய்விடும். ஆனால், அதற்கப்புறம் வேறு யாரும் உள்ளே போக முடியாது. அது வெளிச்சுவரில் இரண்டு கொக்கி அடித்து மாட்டவேண்டிய சமாசாரம்.

கதவை எந்தப் பக்கம் வைப்பது என்பதில் எல்லோரும் ஏமாறுகிறார்கள். ஆறடிப் பக்கத்தில் வைத்தால் பார்க்க வீடு மாதிரி அழகாக இருக்கும். ஆனால், எட்டடி ஆழத்தில் கிடக்கிற கடப்பாரையை எடுக்க, முன்னால் இருப்பதை எல்லாம் கொல்லையில் பரப்பவேண்டும். எட்டடிப் பக்கத்தின் நடுவில் மூன்றடிக் கதவு வையுங்கள், வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி. எந்தச் சாமானும் கைக்கெட்டும்.

ஷெட் என்றதும் இளக்காரமாக நினைக்கவேண்டாம். 1939-ல் அமெரிக்காவின் பாலோ ஆல்டோவில் ஹியூலெட்டும் பேக்கார்டும் கம்பெனி ஆரம்பித்த கராஜ் உலகப் பிரசித்தம். பேக்கார்ட் மனைவியோடு வீட்டில் குடியிருந்தார். பிரம்மச்சாரி ஹியூலெட் படுத்துக்கொண்டது அதே வீட்டுக் கொல்லை ஷெட்டில்தான் என்பது பலருக்குத் தெரியாது. பெர்னார்ட் ஷா தோட்டத்தில் ஒரு மரக்கொட்டகை போட்டு, வெயில் வரும் திசைக்குத் திருப்பிக்கொள்கிற மாதிரி சுழல அமைத்து, உள்ளே உட்கார்ந்து எழுதினார். அதற்கு 'லண்டன்' என்று பெயர் வைத்திருந்ததாகச் சொல்வார்கள். தேடி வருகிறவர்களிடம், "ஐயா லண்டன்ல இருக்கார்" என்று பொய் சொல்லாமலே அனுப்பிவிடலாம் அல்லவா? நம் ஆபீஸ் ஸ்டோர் ரூமுக்கும் யாராவது இப்படி ஒரு பெயர் வைத்தால் புண்ணியமாகப் போகும்.

பழைய ஷெட்டைப் பிரிக்கக் காலை ஏழு மணிக்கே ஆள் வந்துவிட்டார். முப்பத்தெட்டு, நாற்பது வயசிருக்கும். கையில் ஒரு சம்மட்டி. கூரை மேல் நாலு தட்டு தட்டினால் பத்து நிமிஷத்தில் எல்லாம் தரையில் என்றார். வேலை சுத்தம், கூலி கம்மி. சம்மட்டியை ஓங்கும்போது மருமகள் கொல்லைக் கதவருகே வந்து நின்றார்.

"அண்ணே, ஒரு நிமிஷம். அது ஆஸ்பெஸ்டாஸ். உடைக்காதீங்க."

"இருபது வருஷமா இதைத்தாம்மா உடைக்கிறேன். எனக்கு ஒண்ணும் ஆகலையே."

இந்தப் பதிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். சிமென்டோடு ஆஸ்பெஸ்டாஸ் நாரைக் கலந்துதான் அந்தத் தகடு செய்கிறார்கள். முழுசாக, அசையாமல் கிடக்கிறவரை அது பெரிதாகத் தொல்லை தருவதில்லை. வெட்டும்போது, துளை போடும்போது, உடைக்கும்போது, வெயிலிலும் மழையிலும் மேல்பூச்சு அரித்து உதிரும்போதுதான் நார் தூளாகிக் காற்றில் கிளம்புகிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிசு. மூச்சோடு நுரையீரலுக்குள் போனால் அங்கேயே தங்கிவிடும். நுரையீரல் புற்றுநோய், நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் வரும் மீசோதீலியோமா என்று பல வியாதிகளுக்கு இதுதான் காரணம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸையும் நிச்சயமாகப் புற்றுநோய் தருபவை என்ற முதல் பட்டியலில் வைத்திருக்கிறது. பிரிட்டன் 1999-ல் தடை செய்தது. ஆஸ்திரேலியா 2003 கடைசி நாளிலிருந்து. அமெரிக்கா 2024 மார்ச்சில் வெள்ளை ஆஸ்பெஸ்டாஸுக்கும் தடை உத்தரவு போட்டது. நம் நாட்டில் முழுத்தடை கிடையாது. கப்பலில் வருகிறது, கடையில் கிடைக்கிறது, விலை குறைவு என்பதால் விற்கிறது.

கஷ்டம் என்னவென்றால், இந்த வியாதி உடனே வருவதில்லை. மூச்சில் போன நார் வியாதியாக வெளிப்படச் சாதாரணமாக இருபது முதல் நாற்பது வருஷம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். பதினெட்டு வயசில் சம்மட்டி பிடித்தவருக்கு முப்பத்தெட்டு வயசில் 'ஒண்ணும் ஆகலை' என்பது ஒரு தகவலே அல்ல. கணக்கு இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

இதை அவரிடம் எப்படிச் சொல்வது? நான் வாயைத் திறந்து மூடினேன். மருமகள்தான் சொன்னார், பயமுறுத்தாமல்: "உங்களுக்கு ஆகலைன்னாலும், சட்டைல ஒட்டிக்கிட்டு வீட்டுக்குப் போகும்ணே. குழந்தைங்க இருக்காங்கல்ல?"

அவர் சம்மட்டியைக் கீழே வைத்தார்.

அப்புறம் நடந்தது இது. ஹோஸ் பைப்பில் தகடுகளை இரண்டு பக்கமும் நன்றாக நனைத்தார்கள். நனைந்த நார் பறக்காது. துருப்பிடித்த கொக்கிகளை ஒவ்வொன்றாக அறுத்து, தகடுகளை உடைக்காமல் முழுசு முழுசாக இறக்கினார்கள். தார்ப்பாய் விரித்து அதன்மேல் அடுக்கி, கெட்டி பிளாஸ்டிக் ஷீட்டில் சுற்றி ஒட்டினார்கள். கர்ச்சீப்பைக் கட்டிக்கொண்டால் பிரயோசனம் இல்லை. பி-100 அல்லது பி-3 ரக மாஸ்க் தேவை. நண்பர் பைக்கில் பறந்து வாங்கி வந்தார். "மூச்சு முட்டுது சார்" என்று அவர் இரண்டு தடவை கழற்றினார், இரண்டு தடவையும் பெரியவர் ஈஸிசேரிலிருந்தே அதட்டி மாட்டவைத்தார். பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தார்கள். போட்டிருந்த சட்டையைத் தனியாக அலசினார்கள். பத்து நிமிஷ வேலை அரை நாள் ஆயிற்று. கூலி இரண்டு மடங்கு. கட்டிவைத்ததை எங்கே ஒப்படைப்பது என்று நகராட்சியில் கேட்கவேண்டும், குப்பைத்தொட்டி ஓரம் சாய்த்துவிட்டு வரக்கூடாது. சாக்கடை மூடியாகவும், செடிக்கு வரப்பாகவும் உடைத்துப் பதிக்கிற வழக்கம் இருக்கிறதே, அதுவும் கூடாது.

'அண்ணே, உடைக்காதீங்க' என்ற இரண்டு வார்த்தைக்கு அரை நாள் கூலி கூடுதல். ஷெட் செலவில் உருப்படியான செலவு இதுதான் என்பது என் கட்சி.

இனி புது ஷெட். பிளாஸ்டிக்கில் ரெடிமேடாக வருகிறது. படத்தில் ஒரு வெள்ளைக்காரர் சிரித்துக்கொண்டே ஸ்பேனர் இல்லாமல் மாட்டுகிறார். லேசு, துருப்பிடிக்காது. ஆனால் நம் வெயில்! மலிவான பிளாஸ்டிக் சில வருஷத்தில் வெளுத்து நொறுங்குகிறது. பால்கனிக்குப் பீரோ மாதிரி சின்னதாக வேண்டும் என்றால் வாங்கலாம். கடப்பாரையைச் சாத்திவைக்க வேண்டாம்.

மிஞ்சுவது கலர் ஷீட். உள்ளே ஸ்டீல், அதன்மேல் உலோகப் பூச்சு, அதன்மேல் பெயின்ட். உலோகப் பூச்சில் இரண்டு ஜாதி. வெறும் துத்தநாகம் பூசியது ஜி.ஐ. அலுமினியம் 55 சதவீதம், துத்தநாகம் 43.4, சிலிக்கான் 1.6 கலந்து பூசியது கால்வால்யூம். இரண்டாவது அதிக நாள் உழைக்கும். ஆனால் அதற்குச் சில ஒவ்வாமைகள் உண்டு. ஈர சிமென்ட் படக்கூடாது. செம்பு ஆகாது, ஏ.சி.யிலிருந்து சொட்டுகிற தண்ணீர் செம்புக் குழாயில் பட்டு அதன்மேல் விழுந்துகொண்டே இருந்தால் அந்த இடத்தில் அரிக்கும். ஏ.சி. வெளி மெஷினுக்கு அடியில் ஷெட் போடுகிறவர்கள் கவனிக்க.

கடைக்காரர் '0.50' என்பார். 0.50 எது? பெயின்ட், பூச்சு எல்லாம் சேர்த்தா, வெறும் ஸ்டீலா? சேர்த்து 0.50 என்றால் உள்ளே ஸ்டீல் 0.45 சுமாருக்குத்தான் இருக்கும். கேளுங்கள், கேட்டதை ஜி.எஸ்.டி. பில்லில் எழுதி வாங்குங்கள். நண்பரின் பையன் அலமாரியைக் குடைந்து பிளஸ் டூ காலத்து ஸ்க்ரூகேஜ் ஒன்றை எடுத்துவந்தான். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வரை அளக்கும். பிளஸ் டூ இயற்பியல் பிராக்டிகல் வாழ்க்கையில் ஒருவருக்கு உபயோகப்பட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன். கடைக்காரர் முகம் பிராக்டிகலில் மாட்டிக்கொண்ட மாணவன் முகம் மாதிரி ஆகிவிட்டது. அடுத்த கட்டைப் பிரித்து, வேறு ஷீட் எடுத்துப் போட்டார்.

நிறம்? பெரியவர் ரயில்வே சிவப்பு கேட்டார். கூரைக்கு மட்டும் வெள்ளை அல்லது வெளிர் மஞ்சள் போடுங்கள் என்றேன். வெளிர் நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பும். அடர்நீலம் போட்டால் மே மாசத்தில் உள்ளே அப்பளம் பொரிக்கலாம். சுவருக்குச் சிவப்பு என்று சமரசம் ஆயிற்று.

அடுத்து வெல்டர். ஃபிரேமுக்கு ஒன்றரை அங்குல சதுர டியூப் என்று பேச்சு. எல்லாரும் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். கனம் எத்தனை என்று கேட்பதில்லை. 40-க்கு 40, 2 எம்.எம். கனமுள்ள இருபது அடி பைப் ஒன்று ஏறக்குறைய 14 கிலோ இருக்கும். அதே பைப் 1.2 எம்.எம். என்றால் ஒன்பது கிலோதான். பெயின்ட் அடித்துவிட்டால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். ஆறுக்கு எட்டு ஷெட்டுக்கு எட்டு பைப் பிடிக்கும். 2 எம்.எம். என்றால் 115 கிலோ சுமார். எடைச்சீட்டில் எழுபது சொச்சம் என்று இருந்தால் என்ன நடந்தது என்று புரிந்துகொள்ளுங்கள். 'வெல்டர் அண்ணே, எடைச்சீட்டு வெச்சுதான் செட்டில்மென்ட்' என்று முதல் நாளே சொல்லிவிட்டால் உறவு கெடாது. எங்கள் ஆள் கெட்டிக்காரர், சிரித்துக்கொண்டே, "சார் விவரமாத்தான் வந்திருக்கீங்க" என்றார். பாராட்டா, புகாரா தெரியவில்லை.

வெல்டிங் வைத்த இடத்தில் பூச்சு எரிந்துபோயிருக்கும். அங்கே ஜிங்க் பெயின்ட் அடிக்காமல் ஷீட்டை மூட விடாதீர்கள். ஷீட்டைக் கட்டிங் மெஷினில் அறுத்தால் தீப்பொறி பறந்து ஓரப் பூச்சு கருகும். கத்தரியால் வெட்டச் சொல்லுங்கள். ஸ்க்ரூ போடும்போது விழுகிற இரும்புத்தூளை அன்றைக்கே துடைக்கவேண்டும், இல்லாவிட்டால் மறுநாள் பனியில் புதுக் கூரைக்கு அம்மை போட்ட மாதிரி துருப்புள்ளி. ஸ்க்ரூவுக்கு அடியில் கறுப்பு ரப்பர் வாஷர் இருக்கிறதே, அது லேசாக அமுங்கினால் போதும். பலசாலி என்று காட்டுவதற்காகப் பிதுங்கப் பிதுங்க முறுக்கினால் அடுத்த கோடையில் ரப்பர் வெடித்து, அதற்கடுத்த மழையில் கொலு பொம்மைகளுக்கு அபிஷேகம்.

இத்தனையும் கேட்டுக்கொண்டிருந்த நண்பர், "அப்போ தரை? அது மண்தரையே இருக்கட்டுமே, சாமான்தானே?" என்றார்.

இங்கேதான் விஷயமே. 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் சென்னையைக் கடந்தது. காற்று மணிக்கு 110, 120 கிலோமீட்டர். நம் ஏரியாவில் எத்தனை தகரக் கூரை பறந்தது என்பது உங்களுக்கே நினைவிருக்கும். கூரை ஏன் பறக்கிறது? காற்று அதன் மேலாக வேகமாக ஓடும்போது மேல்நோக்கி இழுக்கிறது. எவ்வளவு? சுலபமான கணக்கு. வேகத்தை வினாடிக்கு மீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 0.6-ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை நியூட்டன் என்று வரும். 120 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 33 மீட்டர். சுற்றிலும் அரை அடி நீட்டல் விட்ட ஏழுக்கு ஒன்பது கூரைக்குப் போட்டுப் பார்த்தால் ஏறக்குறைய 400 கிலோ இழுப்பு. கூரைத் தகட்டின் எடை எவ்வளவு தெரியுமா? இருபத்தாறு கிலோ.

சென்னைக்கு இந்தியத் தர நிர்ணயப்படி கணக்குப் போடுகிற அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180. அதைப் போட்டால் 900 கிலோ. ஒரு மாருதி 800 காரைவிடக் கனம். இதை யார் பிடித்துக்கொள்வது? முருங்கைமரமா?

நாலு அங்குல கான்கிரீட் தரை. ஆறுக்கு எட்டில் நாலு அங்குலம் போட்டால் அதன் எடை ஏறத்தாழ 1,090 கிலோ வருகிறது. ஆறு கால்களையும் அடித்தட்டு வைத்து, ஒவ்வொன்றுக்கும் நாலு ஆங்கர் போல்ட் போட்டு அந்தத் தரையோடு பிணைத்துவிட்டால் 900 கிலோ இழுப்புக்கு 1,090 கிலோ நங்கூரம். தவிர ஃபிரேமின் எடை, சுவர்த் தகடு, உள்ளே ஒன்றரைப் பெட்டி டைல்ஸ். (அது உபயோகப்படும் என்று பெரியவர் சொன்னார் அல்லவா?) கான்கிரீட்டுக்கு ஏழு நாள் தண்ணீர் கட்டி நனைத்து, அதற்கப்புறம் போல்ட் போடவேண்டும். அவசரத்தில் மறுநாளே துளை போடுகிற ஆள் கிடைத்தால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் கதவைத் தாழிட்டு வையுங்கள். திறந்த கதவு வழியாகக் காற்று உள்ளே நுழைந்தால் கீழேயிருந்தும் தள்ளும், கணக்கு மாறிவிடும்.

நண்பர் கலருக்கும் கதவுக் கைப்பிடிக்கும் ஒதுக்கியிருந்த பணத்தில் பாதி தரைக்குப் போயிற்று. அவருக்கு வருத்தம்தான். தரையை யார் வந்து பார்த்துப் பாராட்டப் போகிறார்கள்?

தரையின் உயரம் இன்னொரு விஷயம். 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் இருபத்துநாலு மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அந்த வெள்ளத்தின் கறை பல காம்பவுண்டு சுவர்களில் ரொம்ப நாள் இருந்தது. உங்கள் தெருவில் தண்ணீர் எதுவரை வந்தது என்று பழைய ஆட்களைக் கேட்டு, முடிந்தால் அதற்கு மேலே தரையை உயர்த்துங்கள். முடியாவிட்டால் பொம்மைப் பெட்டியை மேல்தட்டிலும் டிரம்மைக் கீழேயும் வையுங்கள். டிரம் மிதந்தால் யாரும் அழமாட்டார்கள்.

அதே மழையைக் கூரைக்குப் போட்டுப் பாருங்கள். ஏழுக்கு ஒன்பது கூரையில் 49 சென்டிமீட்டர் என்றால் சுமார் 2,870 லிட்டர். சாதாரண பத்து சென்டிமீட்டர் மழைக்கே 580 லிட்டருக்கு மேல். அந்தச் சரிவு பக்கத்து வீட்டுப் பக்கம் இருந்தால் அத்தனையும் அவர்கள் துணி உலர்த்தும் இடத்தில் விழும். ஷெட் தகராறுகளில் பாதி இதில்தான் ஆரம்பிக்கிறது. சரிவை நம் பக்கம் வைத்து, தகரத் தூம்பு மாட்டி, டிரம்மிலோ மழைநீர்த் தொட்டியிலோ இறக்கிவிட்டால் தண்ணீரும் மிச்சம், சிநேகமும் மிச்சம். கூடவே, வீட்டைச் சுற்றிக் காலியாக விடவேண்டிய இடம் எத்தனை என்று பிளானில் குறித்திருக்கும். அதற்குள் ஷெட் வரலாமா என்று உள்ளாட்சி ஆபீஸில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது உத்தமம்.

உள்ளே வைக்கக்கூடாதவை: ஸ்பேர் கேஸ் சிலிண்டர். 14.2 கிலோ கேஸ் கசிந்தால் அது காற்றைவிடக் கனமானதால் தரையோடு தேங்கி நிற்கும். நாலு பக்கமும் அடைத்த தகரப் பெட்டிக்குள் ஒரு ஸ்விட்ச் தட்டினால் போதும். பெட்ரோல், தின்னர் கூடாது. சார்ஜ் ஆகிற இன்வெர்ட்டர் பேட்டரியும் கூடாது, அது ஹைட்ரஜன் விடும். அடியிலும் மேலேயும் கைகொள்கிற அளவு ஜன்னல் விட்டு எலி புகாத கம்பிவலை அடியுங்கள். கதவுக்கும் தரைக்கும் நடுவே அரை அங்குலத்துக்கு மேல் சந்து இருந்தால், பெருங்களத்தூரில் எலி மட்டும்தான் வரும் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன். எலியைத் தேடிக்கொண்டு வருகிறவரும் இருக்கிறார்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை எல்லாம் முடிந்து சாமான் ஏற்றினார்கள். பழைய ஷெட்டைப் பிரித்த ஆளும் வந்திருந்தார், மாஸ்க் பாக்கெட்டில். வேறொரு வீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் பிரிக்கிற வேலை வந்திருக்கிறதாம். நனைத்துத்தான் இறக்குவேன், ரேட் இவ்வளவு என்று சொல்லியிருக்கிறார். அவர்கள் யோசித்துச் சொல்கிறோம் என்றார்களாம். "நீங்க கொஞ்சம் பேசுங்களேன் அண்ணி" என்று மருமகளிடம் ஒரு போன் நம்பர் எழுதிய சீட்டைக் கொடுத்தார்.

கடைசியில் பார்த்தால் பூட்டு வாங்க மறந்திருந்தார்கள். கடைகள் மூடியிருந்தன. பெரியவர் எழுந்து போய்த் தகரப் பெட்டியைத் திறந்தார். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திண்டுக்கல் பூட்டு, சாவியோடு. தேங்காயெண்ணெய் நாலு சொட்டு விட்டதும் 'டக்'கென்று விழுந்தது. மருமகளைப் பார்த்து அவர் ஒன்றும் சொல்லவில்லை. மருமகளும் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று சக்கர சைக்கிளை மட்டும் கொஞ்சம் முன்பக்கம் நகர்த்தி வைத்தார்.